வெளியுறவு மந்திரியா இருந்த மருத்துவச்சி

1/
இன்னைக்கு இழை கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

ஒரு பிரதமரோட மனைவியா வெள்ளை மாளிகைக்குப் போனவங்க. பிற்காலத்துல வெளியுறவு அமைச்சராவும் இருந்தவங்க. ஆனா இப்போ அவங்க குடியிருக்கிறது தன் காசைப் போட்டுக் கட்டின பிரசவ ஆஸ்பத்திரிக்குள்ளேயே. பெயர் எட்னா ஆதன் இஸ்மாயில். ஊர் ஹர்கெய்சா, சோமாலிலாந்து. தொழில் மருத்துவச்சி.

2/
சோமாலியான்னா நமக்கு ஞாபகம் வர்றது கடல் கொள்ளை, பஞ்சம், துப்பாக்கி. அந்த மண்ணுல அரசியல்வாதின்னா கையில படை வச்சிருக்கிறவர்னு ஒரு படம் மனசுல பதிஞ்சு போச்சு. எட்னா அந்தப் படத்துல அடங்கமாட்டாங்க. அவங்க கதையை அரசியல் புத்தகம் மூலமா நான் தெரிஞ்சுக்கல. லேபர் வார்டுல ஒரு நோயாளி மூலமா தெரிஞ்சது. அதைப் பின்னாடி சொல்றேன். முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கலாம்.

3/
ஆப்பிரிக்காவின் கொம்புன்னு சொல்ற பகுதி. வடக்குப் பக்கம் ஏடன் வளைகுடாவை ஒட்டி பிரிட்டிஷ் சோமாலிலாந்து. தெற்கே இத்தாலிக்காரர்கள் ஆண்ட சோமாலியா. 1960 ஜூன் 26-ல் வடக்கு விடுதலை ஆச்சு. அஞ்சே நாள்தான் தனி நாடு. ஜூலை 1-ல் தெற்கும் வடக்கும் சேர்ந்து சோமாலிக் குடியரசு.

பிறகு சர்வாதிகாரம், உள்நாட்டுப் போர். 1991 மே 18-ல் வடக்கு மறுபடி தனி நாடுன்னு அறிவிச்சுக்கிச்சு. சொந்த நாணயம், சொந்த ராணுவம், தேர்தல் எல்லாம் உண்டு. ஐ.நா. சபையில் இடம் மட்டும் இல்லை. அது எங்க நாட்டின் ஒரு பகுதிதான்னு மொகதிஷு அரசு சொல்லுது. இந்த வழக்குக்குத் தீர்ப்பு சொல்ற இடத்துல நான் இல்லை. கதைக்கு இந்தப் பின்னணி தேவை, அவ்வளவுதான்.

4/
எட்னா பிறந்தது 1937, ஹர்கெய்சா. அப்பா ஆதன் இஸ்மாயில் மருத்துவர். இருக்கிற கொஞ்ச மருந்தையும் கருவிகளையும் வச்சுக்கிட்டு ஊருக்கே வைத்தியம் பார்த்த மனுஷன். சின்னப் பொண்ணு எட்னா அப்பாகூட ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. கருவிகளைக் கழுவி வைக்கிறது, கட்டுத்துணி வெட்டிக் கொடுக்கிறதுன்னு சின்னச் சின்ன வேலை செய்வாங்க.

நம்ம தொழில்ல பல பேருக்கு ஆரம்பம் இப்படித்தான். பாடப்புத்தகத்துக்கு முன்னாடி ஸ்பிரிட் வாசனை உள்ளே போயிடும்.

பெண் பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடமே இல்லாத காலம். பையன்களுக்கு வாத்தியார் பாடம் நடத்தும்போது பக்கத்துல உட்கார்ந்துதான் எழுத்துப் பழகினாங்க. அப்புறம் ஜிபூட்டிக்கு அனுப்பிப் படிக்க வச்சார் அப்பா.

5/
இப்போ சொல்லப்போறது படிக்கக் கஷ்டமா இருக்கும். ஆனா இதைத் தாண்டிட்டு எட்னாவின் அரசியலைப் பேச முடியாது.

அவங்களுக்கு எட்டு வயசு வாக்கில், அப்பா வெளியூர் போயிருந்த நேரம். அம்மாவும் பாட்டியும் சேர்ந்து, ஊர் வழக்கப்படி ஒரு கிழவியை வரவச்சு அந்தக் குழந்தைக்குப் பெண்ணுறுப்பை அறுத்துத் தைக்கும் சடங்கைச் செஞ்சாங்க. மரத்துப்போக ஊசி கிடையாது. குழந்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

திரும்பி வந்த அப்பா விஷயம் தெரிஞ்சு கொதிச்சுப் போனார். அழுதார். இந்தத் தப்புன்னா தப்புங்கிற எண்ணம் தனக்குள்ள விழுந்தது அப்பா முகத்தைப் பார்த்த அந்த நிமிஷம்தான்னு எட்னா பல மேடைகள்ல சொல்லியிருக்காங்க. ஊரே சரின்னு சொன்னதை, வீட்டுக்குள்ள ஒரே ஒருத்தர் தப்புன்னு சொல்லியிருக்கார்.

6/
மருத்துவமா இதைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் இந்த வழக்கத்தை நாலு வகையாப் பிரிச்சிருக்கு. மூணாவது வகைதான் ரொம்பக் கொடூரம். வெளி உறுப்புகளை வெட்டி, ரெண்டு பக்கமும் சேர்த்து ஒட்டவச்சு, சிறுநீரும் மாதவிடாயும் போக ஒரு சின்னத் துளை மட்டும் விடுவாங்க. சோமாலியர்கள் மத்தியில் காலங்காலமா பரவலா இருந்தது இந்த வகைதான்.

உடனே வரக்கூடியது ரத்தப்போக்கு, சீழ், ஜன்னி. பிறகு வாழ்நாள் முழுக்க சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் வலி, தாம்பத்தியத்துல வேதனை. கடைசியா பிரசவம். குழந்தை வெளியே வரவேண்டிய வழியில விரியவே விரியாத ஒரு தழும்பு நிற்கும்.

ஆறு ஆப்பிரிக்க நாடுகள்ல 28,000-க்கும் மேற்பட்ட பெண்களை வச்சு உலக சுகாதார நிறுவனம் செஞ்ச ஆய்வு 2006-ல் வந்தது. இந்தச் சடங்குக்கு ஆளாகாத பெண்களோட ஒப்பிட்டா, மூணாவது வகைக்கு ஆளானவங்களுக்கு சிசேரியன் ஆகிற வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதல். பிரசவத்துக்குப் பிந்தின கடும் ரத்தப்போக்கு சுமார் 70 சதவீதம் கூடுதல்.

இன்னொண்ணையும் தெளிவாச் சொல்லிடறேன். எந்த மத நூலும் இதைக் கட்டாயம் ஆக்கல. பல மதத்துக்காரங்ககிட்டயும் இருக்கிற பழைய வழக்கம். உலகத்துல பெரும்பாலான முஸ்லிம்கள் இதைச் செய்யறதே கிடையாது.

7/
என் நோயாளி பற்றிச் சொல்றேன்னு சொன்னேன் இல்லையா? சில வருஷம் முன்னாடி நடந்தது. இந்தியாவுல படிச்சிட்டிருந்த ஒரு சோமாலி மாணவரின் மனைவிக்கு முதல் பிரசவம். வலி எடுத்து வந்தாங்க. பரிசோதனை பண்ணப் போன இளம் டாக்டர் திகைச்சுப் போய் வெளியே வந்துட்டாங்க. நம்ம ஊர் ஓஜி பாடப்புத்தகத்துல இதுக்கு இருக்கிறது சில வரிகள்தான்.

சீனியர் மேடம் வந்தாங்க. பதட்டமே இல்லை. முதல்ல அந்தப் பொண்ணோட கையைப் பிடிச்சுக்கிட்டு, என்ன செய்யப்போறோம்னு கணவர் மூலமா ஒவ்வொண்ணா விளக்கிச் சம்மதம் வாங்கினாங்க. மரத்துப்போக ஊசி போட்டு, தழும்பை நடுவுல மேல்நோக்கிப் பிரிச்சு வழி விட்டாங்க. சுகப்பிரசவம். பெண் குழந்தை.

மறுநாள் ரவுண்ட்ஸ்ல அந்தப் பொண்ணு கணவர்கிட்ட ஏதோ சொல்லச் சொன்னாங்க. அவர் சொன்னார்: "எங்க ஊர்ல எட்னா ஆஸ்பத்திரியில இவ அக்காவுக்கும் இப்படித்தான் கேட்டுக் கேட்டுச் செஞ்சாங்களாம்."

எட்னா யாருன்னு கேட்டேன். "எங்க மந்திரியா இருந்தவங்க"ன்னார். மந்திரிக்கும் லேபர் வார்டுக்கும் என்ன சம்பந்தம்னு அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சேன்.

8/
1954-ல் உதவித்தொகை கிடைச்சு எட்னா லண்டன் போனாங்க. பிரிட்டனுக்குப் படிக்கப்போன முதல் சோமாலிப் பெண்கள்ல ஒருத்தர். நர்சிங், அப்புறம் மகப்பேறு செவிலியர் பயிற்சின்னு ஏழு வருஷம் ஓடிச்சு.

1961-ல் ஊர் திரும்பினப்போ அவங்கதான் நாட்டின் முதல் தகுதிபெற்ற நர்ஸ்-மருத்துவச்சி. வரவேற்பு எப்படி? பெண்ணுக்கு அந்தப் பதவியில சம்பளம் போட அதிகாரிகளுக்கு மனசு வரல. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் சம்பளமே இல்லாம வேலை பார்த்தாங்க. ஆனா பிரசவ வலி சம்பள உத்தரவு வர்ற வரைக்கும் காத்திருக்காதே! கார் ஓட்டவும் கத்துக்கிட்டாங்க. ஊர் வாயைப் பிளந்து பார்த்துச்சு.

9/
அந்தக் காலத்துல முகமது ஹாஜி இப்ராஹிம் எகால்ங்கிற அரசியல் தலைவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. சோமாலிலாந்து தனி நாடா இருந்த அந்த அஞ்சு நாளைக்குப் பிரதமரா இருந்தவர் அவர்தான். 1967-ல் ஒன்றுபட்ட சோமாலியாவுக்கே பிரதமரானார்.

அந்த 1967-க்கு இன்னொரு பெருமையும் உண்டு. முதல் ஜனாதிபதி ஆதன் அப்துல்லா உஸ்மான் தேர்தல்ல தோத்ததும் அமைதியா நாற்காலியை விட்டு இறங்கினார். புதுசா விடுதலை அடைஞ்ச ஆப்பிரிக்காவுல அது அபூர்வம். சோமாலியா ஜனநாயகத்துக்கு உதாரணம்னு உலகம் பேசின வருஷங்கள் அவை.

1968-ல் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனை வெள்ளை மாளிகையில் சந்திக்க எகால் போனப்போ பக்கத்துல எட்னா. சம்பளம் கிடைக்காத நர்ஸ், ஏழெட்டு வருஷத்துல பிரதமரின் மனைவி.

10/
ஒரே வாரத்துல எல்லாம் போச்சு.

1969 அக்டோபர் 15: ஜனாதிபதி அப்துரஷீத் அலி ஷெர்மார்க்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபர் 21: ராணுவத் தளபதி சியாத் பாரே ஆட்சியைப் பிடிச்சார். எகால் சிறையில. எட்னா வீட்டுக் காவல்ல.

எகால் வெளியே வந்தது 1975-ல். அடுத்து அவரை இந்தியாவுக்குத்தான் தூதரா அனுப்பினாங்க. திரும்பக் கூப்பிட்டு மறுபடி சிறையில போட்டாங்க, 1985 வரைக்கும். அங்கே அரசியல்ல இருந்தா விலை இதுதான்.

11/
எட்னா என்ன செஞ்சாங்க? கார், வீடு, பாதுகாவலர் எல்லாம் பதவியோட வந்தது, பதவியோட போயிடுச்சு. மருத்துவச்சிங்கிற தொழிலை எந்த ராணுவத்தாலும் பறிமுதல் பண்ண முடியல. வேலைக்குத் திரும்பினாங்க. படிப்படியா அதே சியாத் பாரே அரசின் சுகாதார அமைச்சகத்துல இயக்குநர் அளவுக்கு உயர்ந்தாங்க.

1976-ல் மொகதிஷுல ஒரு கூட்டத்துல எழுந்து நின்னு, பெண்ணுறுப்புச் சிதைப்பு பற்றி வெளிப்படையாப் பேசினாங்க. குடும்பத்துக்குள்ளேயே யாரும் வாய் திறக்காத விஷயம். அதை மேடையில, மைக்குல பேசினாங்க. அந்தக் காலத்துல அதைப் பேச எவ்வளவு துணிச்சல் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

12/
1980-கள்ல மொகதிஷுல சொந்தமா ஒரு ஆஸ்பத்திரி கட்ட ஆரம்பிச்சாங்க. முடியல. நாடே சரிய ஆரம்பிச்சிருச்சு.

1988-ல் சியாத் பாரேயின் விமானங்கள் ஹர்கெய்சா மேல குண்டு போட்டுச்சு. கேட்கவே நம்ப முடியாத விஷயம் ஒண்ணு: அந்த விமானங்கள் மேலே எழுந்ததே ஹர்கெய்சாவோட சொந்த விமான நிலையத்திலிருந்துதான். ஊருக்குள்ளேயே கிளம்பி ஊரையே குண்டு போட்டாங்க. நகரத்தின் பெரும்பகுதி தரைமட்டம். லட்சக்கணக்கான மக்கள் எத்தியோப்பியாவுக்கு நடந்தே ஓடினாங்க. 1991-ல் சியாத் பாரே விழுந்தார், மொகதிஷுவும் போர்க்களம் ஆச்சு. அரைகுறையா நின்ன அந்த ஆஸ்பத்திரிக் கனவும் அதோட போச்சு.

எட்னா அப்போ உலக சுகாதார நிறுவனத்துல. 1991 முதல் 1997 வரைக்கும் ஜிபூட்டியில் அதன் பிரதிநிதி.

13/
1997-ல் ஓய்வு. வயசு அறுபது. கையில ஐ.நா. ஓய்வூதியம். எந்த நாட்டுல வேணும்னாலும் நிம்மதியா வாழ்ந்திருக்கலாம்.

அவங்க நேரா போனது இடிஞ்சு கிடந்த ஹர்கெய்சாவுக்கு. அப்போ சோமாலிலாந்தின் ஜனாதிபதி யார் தெரியுமா? அதே எகால். எப்பவோ பிரிஞ்சுபோன முன்னாள் கணவர். அவர்கிட்டயே போய் நிலம் கேட்டாங்க. அரசு ஒதுக்கின இடம் குப்பை கொட்டுற பொட்டல். சரின்னு வாங்கிக்கிட்டாங்க.

சேமிப்பு, ஓய்வூதியம், நகை, காரை வித்த காசு எல்லாம் செங்கல்லாவும் சிமெண்டாவும் மாறிச்சு. அப்பா ஆசைப்பட்டு வேலை பார்த்திருக்கக்கூடிய ஒரு ஆஸ்பத்திரியைக் கட்டணும்ங்கிறது அவங்க அடிக்கடி சொல்ற விஷயம்.

14/
சுவர் எழும்பிச்சு. கூரை போடக் காசு தீர்ந்துச்சு.

1999-ல் நியூயார்க் டைம்ஸ்ல அவங்களைப் பத்தி ஒரு கட்டுரை வந்தது. அதைப் படிச்ச அமெரிக்க வாசகர்கள் சிலர் கூடிப் பணம் திரட்டி அனுப்பினாங்க. கூரை ஏறிச்சு. கட்டடம் முடியறதுக்குள்ளேயே நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பையும் தொடங்கிட்டாங்க. ஏன் தெரியுமா? போருக்குப் பிறகு அந்த ஊர்ல பயிற்சி பெற்ற நர்ஸ்கள் பெரும்பாலும் செத்துப்போனாங்க, இல்ல நாட்டை விட்டே போயிட்டாங்க. கட்டிலும் விளக்கும் வாங்கிடலாம். அதுக்குப் பக்கத்துல நிற்க ஆள் வேணுமே?

2002 மார்ச் 9-ல் ஆஸ்பத்திரி திறப்பு. ரெண்டு மாசத்துக்குள்ள, மே 3-ல் எகால் காலமானார்.

15/
ஒரு டாக்டரா எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம். பிரசவத்துல தாய் எப்படிச் சாகுறாங்க?

நிறைமாசத்துல கருப்பைக்குப் போற ரத்தம் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் கருப்பை கல்லு மாதிரி சுருங்கணும். அப்போதான் ரத்தக்குழாய்கள் மூடும். சுருங்காம தளர்ந்துபோச்சுன்னா குழாயைத் திறந்துவிட்ட மாதிரிதான். ரெண்டு மணி நேரத்துக்குள்ள உயிர் போகலாம்.

அந்த நேரத்துல தேவைப்படறது என்ன? வயித்து மேல கை வச்சதும் கருப்பை தளர்ந்திருக்குன்னு கண்டுபிடிக்கிற விரல்கள். குழந்தை பிறந்த உடனே போடுற ஒரு ஆக்ஸிடோசின் ஊசி. கருப்பையை அழுத்தித் தேய்க்கத் தெரிஞ்ச கை. எப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு தெரிஞ்ச புத்தி. இது எல்லாமே நல்லாப் பயிற்சி எடுத்த ஒரு மருத்துவச்சியால முடியும். சர்ஜன் வேணுங்கிற கட்டம் பெரும்பாலும் அதுக்கு அப்புறம்தான்.

சோமாலியாவின் 2020 சுகாதார ஆய்வுப்படி, ஒரு லட்சம் பிரசவத்துக்கு 692 தாய்மார்கள் சாவு. மேய்ச்சலுக்காக இடம் மாறிக்கிட்டே இருக்கிற மக்கள், நூறு கிலோமீட்டருக்கு ரோடு இல்லாத பாலை. அங்கே ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க முடியாது. அந்தக் கூடாரத்துக்குப் பக்கத்துலேயே ஒரு மருத்துவச்சி இருக்கணும். அதனாலதான் ஆயிரம் மருத்துவச்சிகளை உருவாக்கணும்னு எட்னா இலக்கு வச்சாங்க. ஆஸ்பத்திரியோட பயிற்சிப் பள்ளி வளர்ந்து இப்போ பல்கலைக்கழகமே ஆயிடுச்சு.

16/
அரசியலை விட்டாங்களா? இல்லை. 2002-ல் குடும்ப நலத்துறை அமைச்சர். 2003 முதல் 2006 வரைக்கும் வெளியுறவு அமைச்சர்.

ஐ.நா.வில் இடமில்லாத நாட்டுக்கு வெளியுறவு அமைச்சர்னா என்ன வேலைன்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைப் பல நாடுகள்ல வாங்கிக்கவே மாட்டாங்க. ஐ.நா. மண்டபத்துல நாற்காலி கிடையாது. ஒவ்வொரு கதவையும் தட்டி, நாங்களும் இருக்கோம்னு சொல்றதுதான் வேலை. 2005-ல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உண்மை அறியும் குழு சோமாலிலாந்துக்கு வந்து பார்த்துட்டு, இது தனித்தன்மையான வழக்குன்னு அறிக்கை கொடுத்தது. அந்த வருஷக் கடைசியில சோமாலிலாந்து ஒன்றியத்துல சேர விண்ணப்பிச்சது. அந்த வருஷங்கள்ல அங்கீகாரம் கிடைக்கல.

அரசியல்ல அவங்க தேடின பெரிய பரிசு அது. கையில வரல. ஆனா ஆஸ்பத்திரி ஓடிச்சு.

17/
பெண்ணுறுப்புச் சிதைப்பு விஷயத்துல என்ன ஆச்சு? மழுப்பாமச் சொல்றேன். 1976-ல் பேசினாங்க. அதே 2020 ஆய்வுல, சோமாலியாவின் 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 99 சதவீதம் பேர் இதுக்கு ஆளானவங்க. 2012 அரசியல் சட்டம் தடை செஞ்சது, காகிதத்துல. 2018-ல் சோமாலிலாந்து மத விவகார அமைச்சகம் ரெண்டு கொடூரமான வகைகளைத் தடுத்து ஃபத்வா கொடுத்தது. லேசான வகைக்கு வழி விட்டுச்சு. எட்னா மாதிரியானவங்க கேட்டது முழுத் தடை.

அப்போ தோல்வியா? 99-ங்கிற எண்ணுக்குள்ள நாற்பத்தொன்பது வயசுத் தாயும் இருக்காங்க. அவங்களுக்கு நடந்தது நடந்ததுதான், எந்தச் சட்டமும் அதை மாத்தாது. அவங்க பேத்திக்கு என்ன நடக்கும்ங்கிறதுதான் கேள்வி. அங்கேதான் மருத்துவச்சி வர்றாங்க. பெண் குழந்தை பிறந்து, தொப்புள்கொடியை வெட்டி, அம்மா மார்புல படுக்க வைக்கிறப்போ, "இவளுக்கு அதைச் செய்ய விடாதேம்மா"ன்னு சொல்ல அந்த அறையில உரிமை உள்ள ஒரே வெளியாள் அவங்க. மேடையில பேசினா ஊர் சண்டைக்கு வரும். உயிரைக் காப்பாத்திக் கொடுத்தவங்க சொன்னா காது கொடுத்துக் கேட்கும். எட்னா அந்த வார்த்தையைச் சொல்றதையும் பாடத்தோட சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறாங்க.

18/
2023-ல் டெம்பிள்டன் பரிசு கிடைச்சது. பத்து லட்சம் டாலருக்கும் மேல. அதுல ஒரு பகுதி ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கும் பயிற்சிக்கும்னு அறிவிச்சாங்க. எண்பத்தஞ்சு வயசு தாண்டின அம்மா. வேற எதுக்குக் கொடுப்பாங்க?

19/
இந்தக் கதையில எனக்கு ஒட்டிக்கிட்ட விஷயம் இது. அதிகாரத்தை எட்னா அலட்சியம் பண்ணல. நிலம் வாங்க ஜனாதிபதி தேவைப்பட்டார், பிரிஞ்ச கணவரா இருந்தாலும் போய்க் கேட்டாங்க. நாட்டுக்காக மந்திரி பதவி வந்தது, ஏத்துக்கிட்டாங்க. ஆனா பதவி வந்தாலும் போனாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்காங்க: இன்னைக்கு ராத்திரி பிரசவ வலி எடுக்கிற பொண்ணு பக்கத்துல யார் இருக்கா?

நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்த்த வருஷங்கள்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பி "சார், ப்ளீடிங் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, ஊசி போட்டுட்டேன், வாங்க"ன்னு சொன்னது ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா. நான் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி வேலையை அவங்க கை முடிச்சிருக்கும். அந்தத் தாய் இன்னைக்கு உயிரோட இருக்காங்க. கேஸ் ஷீட்ல கையெழுத்து என்னது.

அரசாங்கங்கள் ஆஸ்பத்திரிக் கட்டடம் திறக்கும்போது ரிப்பன் வெட்டுவாங்க. கேட்கவேண்டிய கேள்வி, நைட் டூட்டிக்கு எத்தனை நர்ஸ் போட்டிருக்கீங்க என்பதுதான். ஹர்கெய்சாவுக்கும் அதே கேள்விதான், உங்க ஊருக்கும் அதே கேள்விதான்.

20/
கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல அடுத்த பிரசவம் நல்லபடியா முடிஞ்சு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டு வரும்போது டாக்டர் ரூமோட நின்னுடாதீங்க. லேபர் வார்டுக்குப் போங்க. ராத்திரி முழுக்க வயித்து மேல கை வச்சுப் பார்த்துக்கிட்டே நின்ன அந்த அக்கா டூட்டி முடிஞ்சு கிளம்புறதுக்குள்ள, பேரைக் கேட்டு, நன்றி சொல்லிட்டு வாங்க.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, தெரிஞ்சவரைக்கும் பதில் சொல்றேன்.